இணைய வாயிலின் விதிகள்

1992-ஆம் ஆண்டில் மிமோஸ் ஸ்தாபனம் ஜாரிங் என்னும் பெயரால் இணையத்தை மலேசியாவுக்குக் கொணர்ந்து, 1996-இல் டிஎம்நெட்டும் போட்டிக்கு வந்து சேர்ந்த அந்த ஆரம்பகாலத்தில், வெளிநாடு செல்லும் தடம் குறுகலாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தமையால், ஒருவர் கேட்ட பக்கத்தைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவர் கேட்கும்போது அதையே எடுத்து நீட்டும் ப்ராக்ஸி என்னும் இடைக்கணினி பெரிதும் பயன்பட்டது. சிக்கனத்துக்காக வைக்கப்பட்ட அவ்வியந்திரம் நாளடைவில் துவாரபாலகனாகவும் ஆயிற்று. எல்லோருடைய வேண்டுகோளும் தன் வழியே செல்வதனால், எதை விடுவது, எதை மறிப்பது என்னும் அதிகாரம் தானாகவே அதன் கைக்கு வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை அலுவலகக் கணினிகளைப் பராமரித்தவர்களுள், 1996-இல் வெளிவந்த ஸ்குவிட் என்னும் இலவச ப்ராக்ஸி மென்பொருளின் விதிக்கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் அதன் கிரமத்தை அறிவார்கள். சாதாரண வலைப்பக்கத்துக்கு 80, மறைகுறியிட்ட தொடர்புக்கு 443 என்று அனுமதிக்கத்தக்க போர்ட்டுகளை, அதாவது வாயில் எண்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் அடங்காதவற்றை மறுத்து, உள்ளடக்கத்தைப் பாராமல் அப்படியே கடத்தும் ஊடுவழியைக் கோரும் வேண்டுகோளை 443-க்கு மட்டுமே விடுவது அதன் சம்பிரதாயம். இல்லையேல் எவனோ ஒருவன் அஞ்சலுக்குரிய 25-ஆம் போர்ட்டின் வழியே அலுவலகத்தின் முகவரியிலிருந்து குப்பை அஞ்சல்களைக் கொட்டிவிடுவான். விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு. 'அனைத்தையும் மறு' என்னும் வரியை அவசரத்தில் உச்சியில் எழுதிவிட்டால், அதன்கீழ் எத்தனை அனுமதிகள் எழுதினும் வீண்.

தேசத்தின் விதிகளிலோ அனுமதிதான் உச்சியில் எழுதப்பட்டது. பல்லூடகப் பெருவழி என்னும் தொழில்நுட்ப மண்டலத்தை அமைத்தபோது, இணையத்துக்குத் தணிக்கை இல்லை என்று 1996-இல் அரசாங்கம் வாக்களித்தது; 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம் 3(3)-ஆம் பிரிவில் அதையே உறுதி செய்தது. ஆயினும் கீழே எழுதப்பட்ட வரிகளே வென்றன. 2008 ஆகஸ்டில் மலேசியா டுடே என்னும் தளம் மறிக்கப்பட்டது. 2011-இல் கோப்புப் பகிர்வுத் தளங்கள் பத்து. 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் என்னும் செய்தித்தளம். 2016 ஜனவரியில் நடந்ததோ விசேஷமானது: சரவாக் ரிப்போர்ட்டின் கட்டுரை ஒன்று மீடியம் தளத்தில் இடம்பெற்றிருந்தது, 443 வழியே செல்லும் தொடர்பில் தளத்தின் பெயர் தெரியுமேயன்றி, எந்தப் பக்கம் என்பது இடையில் நிற்பவருக்குத் தெரியாதாகையால், மறிப்பதானால் மீடியம் முழுவதையுமே மறிக்க வேண்டியிருந்தது, அவ்வாறே மறித்தார்கள். 2018 மே மாத ஆட்சி மாற்றத்துக்குப் பின்னரே சரவாக் ரிப்போர்ட்டும் மீடியமும் திறந்தன.

தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் கணினியிலேயே தடையை வைப்பது இங்குள்ள வழக்கமான யுக்தி. அதைத் தவிர்க்கப் பலர் 8.8.8.8 என்னும் முகவரியிலுள்ள கூகுளின் அத்தகைய கணினியை நாடினர். அவ்வினவல்களையும் உள்நாட்டுக் கணினிகளுக்கே திருப்புமாறு தொடர்பு பல்லூடக ஆணையம் இணையச் சேவையாளர்களைப் பணித்த செய்தி 2024 செப்டம்பரில் பரவியது. எதிர்ப்பு வலுக்கவே, சில தினங்களுக்குள் அந்த உத்தரவு கைவிடப்பட்டது.

சூதாட்டத் தளங்களையும் மோசடித் தளங்களையும் மறிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அலுவலகத்தின் விதிக்கோப்பை அதன் நிர்வாகியேனும் திறந்து வாசித்துத் திருத்தலாம். தேசத்தின் பட்டியலோ முழுமையாக மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. எந்தத் தளம், எந்தச் சட்டப்பிரிவின் கீழ், எந்தத் தேதியில் மறிக்கப்பட்டது என்பதை ஆணையம் வெளியிட வேண்டும்.