காவிரியின் கரையும் கல்லணையும்: ஒரு வரலாற்று மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது பாடநூல்கள் முதல் மேடைப்பேச்சு வரை வழங்கிவரும் செய்தியாகும். ஆயின் செப்பேடுகளும் இலக்கியங்களும் கரிகாலனோடு இணைத்துப் பேசுவது காவிரியின் கரையையே. ஆற்றின் நில அமைப்போடு இச்சான்றுகளைப் பொருத்திக் காணும் இக்கட்டுரை, காவிரியின் கழிமுகச் சமவெளி ஒரு மன்னனின் ஒற்றைக் கட்டுமானத்தால் அமைந்ததன்று. தலைமுறைதோறும் தொடர்ந்த பராமரிப்பால் நிலைபெற்றது என்பதை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: காவிரி, கொள்ளிடம், கல்லணை, கரிகாலன், முக்கொம்பு, நீர் மேலாண்மை.

முன்னுரை

குடகு மலையின் தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. இதன் வடிநிலப் பரப்பு 81,155 சதுர கி.மீ. ஆகும். கர்நாடகப் பகுதியில் ஏமாவதி, கபினி, சிம்சா, அர்க்காவதி ஆகியனவும், தமிழகத்தில் பவானி, நொய்யல், அமராவதி ஆகியனவும் இதனோடு சேர்கின்றன. மேட்டுநிலத்தில் நீரைச் சேர்த்துக்கொண்டு வரும் ஆறு, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் பிரியத் தொடங்குகிறது. காவிரியின் வேளாண் வரலாறு முழுவதும் இப்பிரிவைச் சுற்றியே அமைந்துள்ளது.

இரு கிளைகளின் இயல்பு

முக்கொம்பில் வடகிளை கொள்ளிடமாகவும் தென்கிளை காவிரியாகவும் பிரிகின்றன. இரண்டிற்கும் இடையே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. கொள்ளிடம் நேராகவும் மிகுந்த சரிவுடனும் கடலை நோக்கி விரைவது. அதன் படுகை தாழ்ந்தது. காவிரியோ பல கிளைகளாகப் பிரிந்து மெல்ல ஓடுவது. மெல்ல ஓடும் நீர் வண்டலை இறக்கிவிடுவதால் காவிரியின் படுகை காலப்போக்கில் உயர்கிறது. படுகை உயர உயர, நீர் தாழ்ந்த கொள்ளிடத்தை நாடுகிறது.

தீவின் கீழ்முனையில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்குகின்றன. அங்கே காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுப்பதற்கு எழுந்ததே கல்லணை. பழைய கல்லணை களிமண்ணும் கரடுமுரடான கற்களும் கொண்டு, வளைந்த வடிவில், ஏறத்தாழ 1,080 அடி நீளத்தில் அமைந்திருந்தது. அது நீரைத் தேக்கிவைக்கும் அணை அன்று. குறைந்த நீர் வரும்போது அதனைக் காவிரியின் பக்கமே நிறுத்தி, பெருவெள்ளம் வரும்போது மிகுநீரைத் தன்மேல் வழிந்து கொள்ளிடம் செல்லவிடும் தடுப்பு அது. மேட்டூர் போன்ற நீர்த்தேக்கங்களோடு கல்லணையை ஒரே வரிசையில் வைத்து எண்ணுவது அதன் இயக்கத்தை மறைத்துவிடுகிறது.

சான்றுகள் கூறுவன

கரிகாலனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பட்டினப்பாலை, காடு திருத்தி நாடாக்கியதையும் குளம் அகழ்ந்ததையும் அவன் செயல்களாகக் கூறுகிறது. ஆற்றின் குறுக்கே எழுப்பிய அணை எதனையும் கூறவில்லை. தெலுங்குச் சோழ மரபினனான புண்ணியகுமாரனின் மாலேபாடு செப்பேடுகள், கரைபுரளும் காவிரியைக் கட்டுப்படுத்தியவன் எனக் கரிகாலனைப் புகழ்கின்றன. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அவன் காவிரிக்குக் கரை கண்டதைக் குறிக்கின்றன. அடிபணிந்த மன்னர்கள் பொன்னிக்குக் கரை அமைத்த செய்தி கலிங்கத்துப்பரணியில் இடம்பெறுகிறது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, செப்பேட்டுச் சான்றுகள் கரிகாலன் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. மரபுவழி நினைவைத் தாங்கியவை. இரண்டாவது, அந்நினைவு கரையையும் வெள்ளக் கட்டுப்பாட்டையும் பற்றியதாகவே உள்ளது. இவற்றுள் எதுவும் கல்லணையைக் குறிப்பிடவில்லை. எனவே கல்லணையின் தொன்மையை மறுக்க வேண்டியதில்லை எனினும், கரிகாலன் கரை கண்டான் என்னும் சான்றினைக் கல்லணைக்கான நேரடிச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

கரையும் உழைப்பும்

வண்டலால் உயர்ந்த ஆறு சுற்றுநிலத்தைவிட மேலே ஓடுவதால், கரை உடைந்தால் வயலும் ஊரும் மூழ்கும். ஆகவே கரை என்பது ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளன்று. ஆண்டுதோறும் மண்ணிட்டுக் காக்க வேண்டியது. இவ்வுழைப்பைத் தந்தவர்கள் யாவர் என்னும் வினாவுக்குச் சான்றுகள் ஓரளவே விடை தருகின்றன. சிங்கள நூலான இராஜாவலிய, கயவாகு மன்னனின் கதையில், காவிரியில் வேலை செய்விக்கச் சோழன் 12,000 பேரைச் சிறைகொண்டு சென்றதாகக் கூறுகிறது. இதன் வரலாற்று உண்மை ஐயத்திற்குரியது. ஆயினும் காவிரிக்கரை கட்டாய உழைப்போடு இணைத்து நினைக்கப்பட்டதை இது காட்டுகிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் வெட்டி, அமஞ்சி என்னும் உழைப்புக் கடமைகளையும் இப்பின்னணியில் நோக்கலாம்.

கழிமுகச் சமவெளியின் நீர்வழிப் பெயர்களும் இத்தொடர்ச்சிக்குச் சான்றாகின்றன. வீரசோழன், கீர்த்திமான், முடிகொண்டான், உய்யக்கொண்டான் என ஆறுகளும் வாய்க்கால்களும் அரசர்தம் பட்டப்பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. மன்னர் பெயர் நின்றது. மண் சுமந்தோர் பெயர் நிற்கவில்லை.

19ஆம் நூற்றாண்டு மாற்றங்கள்

1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. நிலவரி காவிரி நீரைச் சார்ந்திருந்தமையால் ஆற்றின் மணல்மேடு கம்பெனியின் கவலையாயிற்று. ஆர்தர் காட்டன் 1830இல் கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்தார். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. இதன் விளைவாகக் காவிரிக்குள் நீர் அளவுக்கு மீறிப் புகுந்து படுகையை அரிக்கவே, அதனைக் கட்டுப்படுத்த மேலும் தடுப்புகள் தேவைப்பட்டன. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்ற பின், வண்டல் சமவெளிக்கு வருமுன்பே பெருமளவு தங்கலாயிற்று. ஒவ்வொரு தீர்வும் ஆற்றின் சமநிலையில் அடுத்த சிக்கலுக்கு வழிவகுத்தது.

ஆற்றின் உயிர்கள்

மனிதர் அமைத்த தடுப்புகள் உயிர்களின் இருப்பையும் மாற்றின. சீரங்கப்பட்டினத்தருகே 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தடுப்பணையால் உருவான திட்டுகளே இன்று அரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயமாக உள்ளன. பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1940இல் அது காப்பிடமாயிற்று. கொள்ளிடத்தின் அணைக்கரைப் பகுதியில் முதலைகள் வாழ்கின்றன. ஒகேனக்கல்லை ஒட்டிய காட்டாற்றுப் பகுதி நீர்நாய்க்கும் சாம்பல் நிற மலை அணிலுக்கும் புகலிடம். காவிரிக்கே உரிய திமில்கொண்ட மகசீர் மீனோ அணைகளாலும், வெளியிலிருந்து விடப்பட்ட வேறு மகசீர் இனத்தாலும் அழிவின் விளிம்பில் உள்ளது.

முடிவுரை

2018 ஆகஸ்டு 22 அன்று பெருவெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கட்டுமானத்தின் பழமை அதன் நிலைபேற்றுக்கு உறுதியாகாது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. காவிரியின் வரலாற்றைக் கட்டியோர் வரலாறாக மட்டும் எழுதும்போது காத்தோர் வரலாறு விடுபடுகிறது. பழஞ்சான்றுகள் அணையைவிடக் கரையையே நினைவில் வைத்திருப்பது, ஆறு ஓயாது பேணப்பட வேண்டியது என்னும் பட்டறிவின் வெளிப்பாடாகும். கரைக்கடமை குறித்த கல்வெட்டுகளை ஊர்வாரியாகத் தொகுத்து ஆராய்தல் இத்துறையின் அடுத்த தேவையாகிறது.