கால் நாளங்களின் சிறு கதவுகள்

பெங்களூர் நகர ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரத்தை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். 1884-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றுப் பின்னர்ப் பின்னிக் கம்பெனியின் நிர்வாகத்தில் வளர்ந்த கம்பளி, பருத்தி, பட்டு ஆலை அதற்கு அணித்தே இருந்தது. ஆலை வேலையையும் ரயில்வே வேலையையும் நாடி வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் வேரூன்றின. இன்று அந்த ஆலை இல்லை. ஆயினும், நின்றுகொண்டே உழைப்போர் அங்கு இன்றும் உளர். துணிக்கடையில் நிற்கும் பெண், உணவு விடுதியில் பரிமாறும் இளைஞர், வாயிற்காவலர் ஆகியோரின் பிழைப்பு நிற்பதிலேயே இருக்கிறது.

இவர்களிற் சிலருடைய காலில், முழங்காலுக்குக் கீழே, நீல நிறமான நாளங்கள் கயிறுபோலப் புடைத்துச் சுருண்டிருப்பதைக் காணலாம். இதை நாம் "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று சொல்லுகிறோம். நம் அண்டை வீட்டுக் கன்னடத்தாரும் "நர" என்றே கூறுகின்றனர். தசைநாரையும், உணர்ச்சி நரம்பையும், இரத்த நாளத்தையும் ஒரே சொல்லால் சுட்டுவது இரு மொழிகளுக்கும் பழைய வழக்கம். அவ்வழக்கத்தால் விளையும் தொல்லை ஒன்று உண்டு. நரம்புத் தளர்ச்சி என்று எண்ணித் தைலம் தேய்ப்பதிலும் சத்து மாத்திரை உண்பதிலும் சிலர் ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். உண்மையில் இது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகளின் நோயாகும். வெரிகோஸ் வெயின் என்று மருத்துவர் கூறுவது இதனையே.

இந்நோய் மிகப் பழையது. கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பெற்ற எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, காலில் பாம்புபோல் நெளியும் வீக்கத்தைக் கத்தியால் தொடலாகாது என்று எச்சரிக்கின்றது. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை, வலுவற்றவர் மிகையாக உழைப்பதால் சிரைகள் முடிச்சிடும் என்று கூறி, அதற்குச் சிராக்கிரந்தி என்று பெயரிடுகின்றது. ரோமானியத் தளபதி மாரியஸ் என்பவர், கட்டுக்களின்றி ஒரு காலை நீட்டி அறுவைக்கு உட்பட்டார் என்றும், பெற்ற பயன் பட்ட வேதனைக்கு ஈடாகாது என்று மற்றொரு காலை நீட்ட மறுத்தார் என்றும் புளுடார்க் எழுதியுள்ளார்.

காரணத்தை அறிய நெடுங்காலம் ஆயிற்று. 1603-இல் இத்தாலியின் பாதுவா நகரப் பேராசிரியர் பாப்ரீசியஸ், சிரைகளுக்குள் மெல்லிய மடிப்புக்கள் இருப்பதை விவரித்து ஒரு நூல் வெளியிட்டார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் "சிறு கதவுகள்" என்பதாகும். அவை எதற்காக உள்ளன என்பதை அவர் முழுதும் உணரவில்லை. அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, 1628-இல் இரத்த ஓட்டத்தை நிறுவியபோது, அக்கதவுகள் இதயத்தின் பக்கமாக மட்டுமே திறப்பவை என்று காட்டினார்.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றது. இரத்தம் மேலே ஏறுகின்றது. கதவுகள் மூடிக்கொள்வதால் அது கீழே வீழ்வதில்லை. அசையாது நிற்கும்போதோ அந்தத் தசை வேலை செய்வதில்லை. இரத்தத்தின் சுமை சிரைகளின்மேல் தங்குகின்றது. பரம்பரை, வயது, கர்ப்பம், உடற்பருமன் ஆகியவற்றோடு இதுவும் சேரும்போது சிரை விரிந்து, கதவுகள் பொருந்தாமற்போய், இரத்தம் பின்னோக்கி வழிகின்றது. மாலையில் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், தோல் அரித்துக் கறுக்கும். இறுதியில் உட்கணுக்காலுக்கு அருகே ஆறாத புண் தோன்றும். தினக்கூலி பெறுவோருக்கு அப்புண் வருவாயையே நிறுத்திவிடும்.

1890-ஐ ஒட்டி ஜெர்மானிய அறுவை நிபுணர் டிரெண்டலன்பர்க் ஓர் எளிய சோதனையைக் கைக்கொண்டார். படுத்த நோயாளியின் காலை உயர்த்திச் சிரைகளை வெறுமையாக்கித் தொடையில் கட்டிட்டு, அவரை எழுந்து நிற்கச் செய்வார். கட்டை அவிழ்த்ததும் சிரை மேலிருந்து விரைந்து நிரம்பினால், தொடை மூலத்திலுள்ள கதவு பழுது என்று கொள்வர். தொடையில் சிரையைக் கட்டுவதே அவருடைய சிகிச்சை. பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரி 1900-இல் திறக்கப்பெற்றது; அதன்பின் சில ஆண்டுகளில், 1907-இல், பாப்காக் என்ற அமெரிக்கர் நோயுற்ற சிரையைக் கம்பியால் உருவி எடுக்கும் முறையை வெளியிட்டார். அந்நூற்றாண்டின் பெரும்பகுதி அதுவே முதன்மையான சிகிச்சையாக இருந்தது.

இன்று டாப்ளர் ஸ்கேன் என்னும் கருவி, வலியின்றி, கத்தியின்றி, இரத்தம் எத்திசையில் ஓடுகிறதென்று திரையில் காட்டுகின்றது. தோலையடுத்த சிரையில் அரை நொடிக்கு மேல் பின்னோட்டம் இருப்பின் கதவு பழுதென்று கருதுவர். சிகிச்சையும் மாறிவிட்டது. 1990-களின் இறுதியில் தோன்றிய முறையில், மரத்துப்போகச் செய்த காலில் மெல்லிய இழையைச் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் சிரையை மூடுகின்றனர். இரத்தம் ஆழத்திலுள்ள நல்ல சிரைகளின் வழியே செல்லும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். நுரைமருந்தை ஊசியால் செலுத்தி மூடுவதும் உண்டு. எனினும் வேறு சிரைகளில் நோய் மீண்டும் தோன்றக்கூடும்.

புண் வந்தபின் காத்திருப்பது நன்றன்று. 2018-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் 450 நோயாளிகள் பங்குகொண்டனர். எல்லோருக்கும் அழுத்தக் கட்டு இடப்பட்டது. சிரையை விரைவில் மூடியவர்க்குப் புண் ஆறும் இடைக்காலம் 56 நாள். தாமதித்தவர்க்கு 82 நாள். அழுத்தக் காலுறையையும் கட்டையும் தாமே வாங்கி அணிதல் தகாது. நீரிழிவு உடையோர்க்கும் புகைபிடிப்போர்க்கும் தமனி அடைப்பும் இருக்கலாம்; ஆகவே மருத்துவர் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்ட பின்னரே அவற்றை இடுவர். புடைத்த நாளம் உடைந்து குருதி பெருகினால், அஞ்சாமல் படுத்துக் காலை உயரத் தூக்கித் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவி தேட வேண்டும்.

மருத்துவம் இவ்வளவு முன்னேறியும், நிற்கும் வேலை மாறவில்லை. நின்று வேலை செய்வோர் ஓய்வு வாய்க்கும்போது அமர இருக்கை தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு விதித்தது. கடைகளில் நிற்போர்க்கு அவ்வுரிமை பின்னரே வந்தது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டத்தையடுத்துக் கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் கடைச் சட்டங்களைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கின.

ஊரைவிட்டு வந்து உழைக்கும் நம்மவர், காலில் வந்த நோயைக் காலம் செய்த கோலம் என்று பொறுத்துக்கொள்வது வழக்கமாயிருக்கிறது. வேலைக்கிடையே சற்று நடப்பதும், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், இரவில் காலடியில் தலையணை வைத்துக்கொள்வதும் எவரும் செய்யக்கூடியவை. மருத்துவரிடம் செல்லும்போது, "நரம்பு இழுக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், "நாளம் புடைத்திருக்கிறது, மாலையில் வீங்குகிறது, கணுக்கால் கறுத்துவிட்டது" என்று எடுத்துச் சொல்லுவோமாயின், அவர் உடனே அச்சிறு கதவுகளைச் சோதித்துப் பார்ப்பார்.