அவுக்ஸ்பர்க் நகரில் ஒரு நாள் நடை

தென் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரின் பழைய பகுதியைக் கால்நடையாகவே ஒரு பகலில் சுற்றிவிடலாம். குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்டவராக லூக்கா நற்செய்தியில் நாம் அறிந்துள்ள அகுஸ்து சீசரின் பெயரே இந்நகருக்கு வழங்குகின்றது. காலையில் பேராலயத்தினுள் நுழைந்தோம். தென்புறச் சாளரங்களில் தானியேல், யோனா முதலிய இறைவாக்கினர் வண்ணக் கண்ணாடியில் நிற்கின்றனர். அவர்களுக்கு வயது ஏறத்தாழ 900.

அங்கிருந்து புனித அன்னாள் ஆலயம் சிறிது தொலைவே. 1518-இல் அது கார்மேல் சபையாரின் மடமாயிருந்தது. கர்தினால் கயத்தானின் விசாரணைக்காக வந்த மார்ட்டின் லூத்தர் இங்குதான் தங்கினார். விசாரணை நடந்ததோ யாக்கோபு ஃபுக்கர் என்னும் பெருவணிகரின் மாளிகையில். செம்பு, வெள்ளிச் சுரங்கங்களாலும் வட்டித் தொழிலாலும் செல்வம் குவித்தவர் இவர். நம் மேற்குக் கடற்கரை மிளகுக்காக 1505-இல் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல்களிலும் அவுக்ஸ்பர்க் வணிகரின் முதல் இருந்தது. மைன்ஸ் பேராயர் அல்பிரெக்ட் தம் பதவிக்காக உரோமைக்குச் செலுத்திய தொகை ஃபுக்கர் தந்த கடனே. ஞானப் பலன்களை வழங்கித் திரட்டிய காணிக்கையில் பாதி அக்கடனை அடைக்கவும், மறுபாதி புனித பேதுரு பேராலயக் கட்டடத்திற்கும் சென்றன. லூத்தரின் 1517-ஆம் ஆண்டு எதிர்ப்பு இதிலிருந்தே மூண்டது. கத்தோலிக்கராகிய நமக்கு இதைச் சொல்லக் கூச்சமாயிருக்கலாம். ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதே ஃபுக்கர் 1521-இல் ஏழைகளுக்கென ஒரு குடியிருப்பை நிறுவினார். ஃபுக்கராய் எனப்படும் அவ்விடத்தில் நெடுநேரம் நின்றோம். மஞ்சள் நிறச் சுவர்கள், வரிசை வீடுகள், ஏறத்தாழ 150 பேர். உழைத்தும் வறுமையுற்ற, இந்நகரக் கத்தோலிக்கருக்கே இடம். ஆண்டு வாடகை அன்று ஒரு ரைன் பொற்காசு. இன்றும் அதன் ஈடான 88 சென்ட் மட்டுமே, ஒரு யூரோவுக்கும் குறைவு. வாயிற்கதவு இரவு பத்து மணிக்கு அடைக்கப்படும். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருளில் தடவியே தம் வீட்டை அறியும்படி மணியிழுக்கும் பிடிகள் வெவ்வேறு வடிவில் அமைந்துள்ளன. இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுப்பாட்டனாராகிய கொத்தனார் இங்குதான் குடியிருந்தார். 1944 பெப்ருவரிக் குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்தும், மீண்டும் எழுப்பப்பட்டது.

வாடகையோடு இன்னொரு கடமையும் உண்டு: நாள்தோறும் ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை, ஒரு விசுவாசப் பிரமாணம் நிறுவியவரின் குடும்பத்தாருக்காகச் சொல்லவேண்டும். பலன் விற்ற பணத்தில் கடன் வசூலித்தவர், தம் ஆன்மாவுக்கு ஏழையின் செபத்தையே நம்பினார். இதுவும் ஒரு பேரமா? அப்படியும் சொல்லலாம். ஆனால் 500 ஆண்டுகளாக முதியோர் தலைக்குமேல் கூரையொன்று இருந்து வருவதைக் கண்டபின் அவரைப் பழிக்க நமக்கு நா எழவில்லை.

1525-இல் இறந்த ஃபுக்கர், புனித அன்னாள் ஆலயத்தில் தாமே கட்டிய சிற்றாலயத்தில் துயில்கிறார். அவ்வாலயம் இன்று லூத்தரன் சபையாருக்குரியது. ஃபுக்கரோ இறுதிவரை கத்தோலிக்கர். அங்கேயே 1999 அக்டோபர் 31 அன்று, மனிதர் இறையருளால் ஏற்புடையோராதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையொப்பமிட்டன.

நகரின் தென்கோடியில் புனித உல்ரிக் பெயரில் இரு ஆலயங்கள் ஒட்டி நிற்கின்றன. பெரியது கத்தோலிக்கருடையது, முன்னுள்ள சிறியது லூத்தரன் சபையாருடையது. 1650-இல் லூத்தரன் மக்கள் தம் வழிபாட்டு உரிமையை மீண்டும் பெற்றதற்கு நன்றியாகத் தொடங்கிய ஆகஸ்ட் 8 சமாதானத் திருநாள், இந்நகருக்கு மட்டுமே உரிய அரசு விடுமுறை. அன்று இப்போது கத்தோலிக்கரும் சேர்ந்து செபிக்கின்றனர்.