சுடுகுழலும் சுமக்கும் தோளும்

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதியோர் அவற்றை ஆக்கியோரின் பெயர்களைப் போற்றி வைத்துள்ளனர். மக்ஸிம், லூயிஸ், பிறவுணிங் ஆகியோரை நாம் அறிவோம். அக்கருவிகளைச் சுமந்து சேற்றில் நடந்த உழவனையும் ஆலைத் தொழிலாளியையும் அறியோம். ஆயினும், காலாட்படையின் தானியங்கித் துப்பாக்கி ஏன் இவ்வடிவம் பெற்றது என்ற வினாவுக்கு விடை அவர்களுடைய தோளில்தான் இருக்கிறது.

அடிப்படை எளியது. ஒரு ரவை வெடிக்கும்போது மருந்தின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே குண்டை உந்துகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு போக, கணிசமான பங்கு வெப்பமாகக் குழலில் ஏறுகிறது. நிமிடத்துக்கு ஐந்நூறு முறை இது நிகழ்ந்தால் குழல் என்னாகும்? வெப்பத்தை வாங்க நீர் வேண்டும். அன்றேல் தடித்த உருக்கு வேண்டும். அன்றேல் காய்ந்த குழலைக் கழற்றி மாற்றுக் குழல் பூட்ட வேண்டும். மூன்றும் பாரம். பாரம் வேண்டாமெனில், சுடுவதை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். எதிரி காத்திருப்பானா என்பது வேறு விடயம்.

1912 இல் பிரித்தானியப் படை ஏற்ற விக்கர்ஸ் துப்பாக்கி நீரை நம்பியது. துப்பாக்கி 33 இறாத்தல். முக்காலி 50 இறாத்தல். குழலைச் சூழ்ந்த உறையில் ஏறக்குறைய 4 லீற்றர் நீர். பதுங்குகுழியில் இருந்து சுடுவோருக்கு அது போதும். எழுந்து முன்னேறுவோருக்கு அது பயன்படவில்லை. லூயிஸ் துப்பாக்கி நீரை ஒழித்து, குழலைச் சுற்றி அலுமினியத் தகடுகளை வைத்துக் காற்றால் ஆற முயன்றது. அப்போதும் 28 இறாத்தல். பிரெஞ்சுக்காரரின் சோஷா 20 இறாத்தலுக்கு இறங்கியது. தொடர்ந்து சுட்டால் குழல் விரிந்து உள்ளே இறுகும். ஆறும்வரை அது வெறும் இரும்புத் துண்டு.

இந்நிலையிலேதான் ஜோன் பிறவுணிங் 1917 பெப்ரவரியில் வாஷிங்டனில் தமது துப்பாக்கியைச் சுட்டுக் காட்டினார். அதன் எடை 16 இறாத்தல். ரவைக்கூட்டில் 20 ரவைகள். வீரன் நடந்துகொண்டே இடுப்பிலிருந்து சுட வேண்டும் என்பது அக்காலக் கோட்பாடு. துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தாங்க இடுப்புவாரில் உலோகக் கிண்ணமொன்றும் வைத்தனர்! நடப்பவனுக்குரிய கருவி என்பதனாற் குழல் மெலிந்தது, கழற்றவியலாதது. அதிற் குற்றம் காண்பதற்கில்லை. குற்றம் பின்னர் நேர்ந்தது.

பகைவர் பார்த்துப் போலி செய்துவிடுவர் என்றஞ்சித் தளபதி பெர்ஷிங் 1918 செப்டெம்பர் வரை அதனைப் போர்முனைக்கு விடவில்லை. அதுவரை அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் சோஷாவோடு மாரடித்தனர். நல்ல கருவி பெட்டியில் உறங்க, கெட்ட கருவியோடு மாண்டவன் எந்தக் கூட்டத்திலும் கருத்துக் கேட்கப்படாதவன்.

போர் முடிந்தபின் இதே துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியின் வேலைக்கு இழுத்தனர். இரண்டாம் உலகப் போரிற் புழங்கிய வடிவத்தில் இருகாற் தாங்கி வந்தது. எடை 19 இறாத்தலைத் தாண்டியது. இடுப்புவாரில் பன்னிரண்டு ரவைக்கூடுகள் வேறு. மெதுவாகச் சுடும் வேகமொன்றையும் சேர்த்தனர். ஆனால் குழல் பழையபடி நிலையாகவே இருந்தது. பாரம் கூடிற்று, சூடு தணியவில்லை. இதற்குப் பரிகாரம் தெரியாமலில்லை. பெல்ஜியத்தின் எப்.என். தொழிற்சாலை இதே பிறவுணிங் பொறிமுறைக்கு 1932 இல் விரைவாக மாற்றத்தக்க குழல் அமைத்திருந்தது. அமெரிக்க இராணுவம் அதனை எடுக்கவில்லை. களத்தில் நின்ற சிப்பாய்களோ தாமே ஒரு தீர்ப்பு வழங்கினர்: இருகாற் தாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தனர்.

செக்கோசிலோவாக்கியாவின் புர்னோ நகரிற் பிறந்து, என்பீல்டிற் செய்யப்பட்ட பிறென் துப்பாக்கி மறுவழியை நாடியது. 22 இறாத்தல், மாற்றுக் குழலுடன் இரண்டாமவன் ஒருவன் உடன் செல்வான். சில விநாடிகளிற் குழல் மாறும். பாரம் ஒழியவில்லை, இரு தோள்களுக்குப் பங்கிடப்பட்டது. என் நோக்கில் இதுவே நேர்மையான தீர்வு.

அமெரிக்க மரீன் படை 1980களில் எம்-249 என்ற, ரவைப்பட்டி ஊட்டும் துப்பாக்கியை எடுத்தது. வெறும் துப்பாக்கி மட்டும் ஏறக்குறைய 17 இறாத்தல். 2010 அளவில், பாரம் மிகுந்ததென்று, 8 இறாத்தல் அளவேயுள்ள எம்-27 இனைத் தேர்ந்தது. குழல் மாற்ற இயலாது; ரவைக்கூட்டில் முப்பதே ரவைகள். ரவை அறையிற் கிடக்கச் சுடும் முறையாதலால், அறை மிகக் காய்ந்தால் விசையைத் தொடாமலே ரவை வெடிக்கக்கூடும். ஆகவே, குறி வைத்து நிதானமாகச் சுடுக என்பது போதனை. தொடர்ந்து சுடுவதற்கு நிமிடத்துக்கு 36 ரவைகள் கணக்கு. 2017 முடிவில் காலாட்படைச் சிறுபிரிவின் ஒவ்வொரு வீரனுக்கும் இதனையே வழங்கத் தீர்மானித்தனர். எம்-249 கைவிடப்படவில்லை. தேவைப்படும் நாளில் யாரோ ஒருவன் தோளிலேற்றுவதற்காகக் கம்பனியின் களஞ்சியத்தில் வைக்கப்பட்டது.