மிகைக்கட்டும் முரண்கட்டும்: கேட் ஸ்கெட்ச்சில் நிபந்தனை மோதல் குறித்து

1. இரண்டு பிழைகள், ஒரே எச்சரிக்கை

ஐவன் சதர்லேண்ட் 1963இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே, இரு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். கணினியே அவற்றைத் திருத்திக்கொள்ளும். இன்றைய கேட் மென்பொருள்களும் அதே வழியில்தான் போகின்றன. வரைபவர் நிபந்தனை விதிக்கிறார், சால்வர் அதைச் சமன்பாடாக்கித் தீர்க்கிறது. தீர்வே இல்லாத நிபந்தனைத் தொகுப்பை முரண்கட்டு எனலாம். தீர்வு உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை மற்றவற்றிலிருந்தே கிடைத்துவிடுகிறது என்றால் அது மிகைக்கட்டு. பேச்சுவழக்கில் இரண்டையும் 'ஓவர் டிஃபைன்ட்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மிகைக்கட்டு இன்று படத்தைக் கெடுக்காது. அளவை மாற்றும் நாளில் அதுவே முரண்கட்டாகலாம்.

2. ஒரு ஸ்லாட்டின் கணக்கு

கோட்டுத்துண்டுக்குச் சுதந்திர இயக்கக் கூறுகள் 4, வில்லுக்கு 5. ஸ்லாட் என்பது இரண்டு கோடும் இரண்டு வில்லும்; சேர்ந்தால் 18. நான்கு மூலைகளிலும் முனைகளை ஒட்டினால் 8 போகும். அதே நான்கு இடங்களில் டேன்ஜென்ட் கொடுத்தால் இன்னும் 4 போகும். மீதி 6: மையங்களுக்கு நான்கு, ஆரங்களுக்கு இரண்டு. பெல்ட் மாட்டிய இரண்டு புல்லிகளை நினைத்துக்கொண்டால் ஏன் ஆறு என்பது விளங்கும். ஆரங்களைச் சமமாக்கினால் 5.

இந்த இடத்தில் பழக்கதோஷத்தால் கோடுகளுக்கு 'பேரலல்' கொடுப்பவர்கள் அநேகம். புல்லிகள் ஒரே அளவானபோதே பெல்ட்டின் இரு பக்கமும் இணையாகிவிட்டன. கொடுத்தது மிகை.

ஒரு கோட்டைக் கிடைமட்டமாக்கி, ஒரு மையத்தை ஆதிப்புள்ளியில் பொருத்தினால் மீதி 2. அகலம் 12 மி.மீ., மையங்களுக்கு இடையே 38 மி.மீ. என்று கொடுத்ததும் ஸ்கெட்ச் முழுமையாக இறுகிவிடும். பிறகு யாரோ, பார்ப்பவருக்கு வசதியாக இருக்கட்டுமே என்று, மொத்த நீளம் 50 என்றும் போட்டுவைக்கிறார். 38 + 12 = 50; கணக்கு இடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அகலம் 14 ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். 52 வர வேண்டிய இடத்தில் 50 குறுக்கே நிற்கிறது. பழி 14ஐ உள்ளிட்டவர் தலையில் விழுகிறது.

3. எண்ணிக்கை ஏமாற்றும் இடம்

தளத்தில் n புள்ளிகள், அவற்றின் இடைத்தூரங்களால் மட்டுமே மிகையின்றி இறுக 2n − 3 தூரங்கள் வேண்டும். எந்த உட்தொகுப்பிலும் இந்த வரம்பு மீறப்படக் கூடாது. லாமன் 1970இல் நிறுவிய இந்த விதி பொதுநிலைக்கு உரியது, குறிப்பிட்ட எண்களுக்கு அல்ல. பக்கங்கள் 30, 40, 80 என்றால் எண்ணிக்கை கச்சிதம், முக்கோணம்தான் இல்லை. மூன்று கோணங்களையும் 60 பாகை என்று கொடுப்பவர் ஒன்றை வீணாகக் கொடுக்கிறார், பக்க அளவோ இன்னும் கட்டப்படாமலே இருக்கிறது.

ஆகவே வெறுமனே எண்ணினால் போதாது. ஃப்ரீகேட் மென்பொருளின் சால்வர் நிபந்தனைச் சமன்பாடுகளின் ஜேக்கோபியன் அணியைக் க்யூஆர் முறையில் பிரித்து அதன் தரத்தைப் பார்க்கிறது. மோதும் நிபந்தனைகளின் எண்களையும் காட்டுகிறது. ஒன்றையொன்று சார்ந்தவை எவை என்பது அணிக்குத் தெரியும். அவற்றில் எது இருக்க வேண்டும் என்பது தெரியாது. மிகையைத் தானாகவே நீக்கும் வசதியும் ஃப்ரீகேட்டில் உண்டு. கற்றுக்கொள்பவர்கள் அதை அணைத்து வைப்பதே நல்லது என்பேன்.

4. களையும் முறை

எச்சரிக்கை வந்ததும் கடைசியாகச் சேர்த்ததை அழிப்பதுதான் பலரின் வழக்கம். அழிக்காமல், சந்தேகத்துக்குரிய அளவை ரெஃபரன்ஸாக மாற்றிப் பார்க்கலாம். அப்போது அது கட்டளையிடாது. உள்ளதை அளந்து சொல்லும். மேலே கண்ட ஸ்லாட்டில் மொத்த நீளத்தை அப்படி மாற்றினால் 52 என்று காட்டும். வித்தியாசம் 2, அகலம் கூடியதும் 2. நூல்பிடித்த மாதிரி காரணம் தெரிந்துவிடுகிறது. அகலத்தில் 12 கேட்டு 16 காட்டினால், யாரோ ஆரத்துக்கு 8 கொடுத்திருக்கிறார்கள்.

எதை விடுவது என்பதற்கு விடை ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. அகலம் கட்டர் தீர்மானிப்பது. அதைத் தொடக் கூடாது. மீதி இரண்டில், ஸ்லாட்டில் ஓடும் போல்ட் 38 மி.மீ. நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் மையத்தூரம் தங்கும், நீளம் 52க்குப் போகட்டும். தகட்டின் ஓரம் நெருக்கமாக இருந்து 50ஐத் தாண்ட முடியாது என்றால் மையத்தூரம் 36 ஆகும். போல்ட் நகரும் இடத்தில் 2 மி.மீ. குறைந்ததை அசெம்பிளி பார்ப்பவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.