தாழியில் கிடந்த நெல்லும் என் தட்டுச் சோறும்

போன மாசம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பாத்த டாக்டர், "அண்ணாச்சி, சுகர் வந்துட்டு. சோத்தைப் பாதியாக் குறைங்க"ன்னார். நெல்லு விதைக்கிறவன்கிட்ட சொல்ற பேச்சா இது?

திரும்பி வரும்போது எனக்கு சிவகளை நெல்லுதான் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்ததில் காலம் கி.மு. 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் முதலமைச்சரே சட்டசபையில் அறிவித்தார். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தோண்டிய அலெக்சாண்டர் ரீயும் தாழிகளில் நெல் உமியைப் பார்த்திருக்கிறார். கூடவே சிறுதானிய உமியும் இருந்திருக்கு. மூவாயிரம் வருசமா நெல்லு தின்ன ஆத்தங்கரையில எனக்கு மட்டும் சோறு ஆகாதா?

நகரத்திலேர்ந்து வாற நண்பர்கள், "அந்தக் காலத்துல எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்க"ன்னு சொல்லுவாங்க. எல்லாரும் இல்ல. வாய்க்கால் பாயுற ஊர்ல நெல்லுச்சோறு உண்டு; வடக்கே கரிசல் காட்டுல கம்பும் சோளமும்தான், அரிசி பண்டிகைக்கு. நாத்து நட்ட கூலிக்காரங்க பலர் கஞ்சியில காலம் தள்ளினாங்க. பசியோட படுத்தவங்க கணக்கையும் சேர்த்துத்தான் பேசணும்.

ஆனா எங்க ஆச்சி தின்ன சோறு வேற. நெல்லை அவிச்சுக் காயப்போட்டு, உரல்ல குத்துவா. அவிக்கும்போது தவிட்டுச் சத்துல கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிரும். உலக்கைக்கு மில்லு மாதிரி அவ்வளவு வெள்ளையா தீட்டவும் வராது. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டின அரிசி மட்டும் தின்ன கோழிகளுக்குக் கால் துவள்றதைக் கவனிச்சார். தவிடு கொடுத்ததும் அதுக சரியாச்சு. அதுக்காக அவருக்கு 1929-ல் நோபல் பரிசில் பங்கு கிடைச்சது.

இன்னொண்ணு உளுந்தம்பருப்புச் சோறு. தொலி எடுக்காத கருப்பு உளுந்து, அரிசி, தேங்காய், பூண்டு, வெந்தயம். தொட்டுக்க எள்ளுத் துவையல். அரிசி புரதத்துல குறையறதை உளுந்து ஈடுகட்டும். வயலும் அப்படித்தான்: பிசானம் அறுத்த ஈரத்துல உளுந்து போட்டா, அதோட வேர் முடிச்சு காத்துல உள்ள தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுல சேர்க்கும். யாரு யாருக்குச் சொல்லிக்கொடுத்தாங்களோ, வயல்ல உள்ள ஜோடிதான் தட்டுலயும்.

இதையெல்லாம் வீட்டுக்காரிகிட்ட ஆவேசமாச் சொன்னேன். "அப்போ மில்லு அரிசியை நிறுத்திட்டு ஆச்சி மாதிரியே தின்னா போதும்"னேன்.

அவ கேட்டா: "ஏங்க, தாத்தா விடியுமுன்ன ஏர் கட்டினாவ. உழுது, ஆத்துல முங்கிக் குளிச்சு, பொழுது சாய்ஞ்சதும் படுத்தாவ. நீங்க கடைசியா மம்பட்டி பிடிச்சது எப்போ?"

பதில் இல்ல. நடவு மெஷின், அறுப்பு மெஷின், வயலுக்குப் பைக். ராத்திரி பன்னெண்டு மணி வரை செல்போன். தாத்தா சோத்துல குவியலை மட்டும் நான் விடாம வச்சிருக்கேன்.

இப்போ மடைக்கு நடந்துதான் போறேன், போக வர மூணு கிலோமீட்டர். நேத்து வரப்பு வெட்டினதுல கையில கொப்புளம். உளுந்துச் சோறு ஞாயித்துக்கிழமை மட்டும், ஒரு கரண்டி. ரெண்டாவது கரண்டி கேட்டா அவ டாக்டர் சீட்டை எடுத்துட்டு வாறா. அடுத்த மாசம் மறுபடி ரத்தம் கொடுக்கணும்.