பேராக்கின் நகரத்தார் வட்டிக்கடைகளும் அரசின் கொள்கை மாற்றங்களும் (1913–1951)

பேராக் மாநிலத் தமிழர் வரலாறு என்றவுடன் ரப்பர்த் தோட்டத் தொழிலாளரையே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். தோட்டங்களையும் சிற்றுடைமைகளையும் சார்ந்து கடன் வழங்கிய நகரத்தார் வட்டிக்கடைகள் அவ்வரலாற்றின் மற்றொரு கூறாகும். அரசின் கொள்கை மாற்றங்களால் இக்கடைகள் எவ்வாறு நிலைமாறின என்பதை இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

ஈப்போ, தைப்பிங், தெலுக் ஆன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) முதலிய ஊர்களில் இக்கடைகள் இயங்கின. ஒரே கிட்டங்கியில் பல கடைகள் தத்தம் விலாசத்தோடும் பெட்டியடியோடும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. செட்டிநாட்டு முதலாளியின் சார்பில் மேலாள் ஒருவர் ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணையில் வந்து கடையை நடத்தினார். முதலாளியின் பணத்தோடு உறவினர் வைப்புகளும் ஐரோப்பிய வங்கிக் கடனும் மூலதனமாயின. ஆகவே, இவை யாவற்றையும் பெருஞ்செல்வர் நிறுவனங்களாகக் கருதுதல் பொருந்தாது.

இவ்வணிகத்திற்கு அடிப்படையாய் அமைந்தது காலனி அரசின் நிலப்பதிவு முறையே. நில உரிமைப் பத்திரத்தின்மீது அடைமானத்தைப் பதிவுசெய்ய இயன்றமையால், வங்கிகள் அணுகாத சிற்றுடைமையாளருக்கும் கடன் கிடைத்தது. 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், ஒதுக்கீட்டு நிலம் மலாய்க்காரர் அல்லாதாருக்கு விற்கப்படுவதைத் தடுத்தது. எனினும், அடைமானத்தை அது முற்றாக நிறுத்தவில்லை.

உலகப் பொருளாதார மந்தம் இந்நிலையை மாற்றியது. 1925இல் ஓர் இராத்தல் 1 வெள்ளிக்கும் மேல் விற்ற ரப்பர், 1932இல் 10 காசுக்கும் கீழ் வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, நிலங்கள் ஏலத்திற்கு வந்தன. கடன் கொடுத்தோர் பலர் தாம் விரும்பாமலே தோட்ட உரிமையாளராயினர். சிற்றுடைமையாளர் நிலமிழப்பர் என்னும் அச்சத்தால் அரசு 1931இல் சிறுநில விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டு நிலத்தைப் பிற இனத்தவரிடம் அடைமானம் வைப்பதையும் தடைசெய்தது.

உழவர் நிலத்தைக் காத்தல் நியாயமான நோக்கமே. ஆயினும், சட்டம் கடனுக்குரிய பிணையை நீக்கியதேயன்றிக் கடன் தேவையை நீக்கவில்லை. 1922இல் தொடங்கிய கூட்டுறவு இயக்கத்தில் முதலில் பதிவுபெற்றது அஞ்சல், தந்திப் பணியாளரின் சங்கமாகும்; மாதச் சம்பளக்காரருக்கு எளிதில் பொருந்திய அம்முறை, பருவ வருவாயை நம்பிய உழவருக்கு அவ்வாறு பொருந்தவில்லை. விளைச்சலை ஈடாக வைத்துக் கடைக்காரரிடம் கடன் பெறும் வழக்கம் நெல் விளையும் பகுதிகளில் நீடித்தது. நகர்ப்புறச் சொத்தும் தோட்டமும் உடைய பெரிய நிறுவனங்கள் வேறு முதலீடுகளை நாட இயன்றது. சிற்றுடைமைக் கடனையே நம்பிய சிறு கடைகளுக்கு அவ்வழி குறுகியதாகவே இருந்திருக்கும்.

போருக்குப் பின்னர் மேலும் இரு மாற்றங்கள் நேர்ந்தன. போருக்கு முந்திய கடனை ஜப்பானிய நாணயத்தில் அடைத்தது செல்லும் என்பதை 1948ஆம் ஆண்டுச் சட்டம் சில வரம்புகளுடன் ஏற்றது. மதிப்பிழந்த தாளால் தீர்ந்த கடன், கொடுத்தவருக்கு இழப்பாகவே நின்றது. 1951ஆம் ஆண்டு வட்டித்தொழிலர் சட்டம் உரிமத்தையும் எழுத்துமூல ஒப்பந்தத்தையும் கட்டாயமாக்கியது. நம்பிக்கையையும் பேரேட்டையும் சார்ந்த தொழில், படிவங்களைச் சார்ந்ததாயிற்று.

நகரத்தாரைச் சுரண்டியவர் என்றோ முன்னோடிகள் என்றோ ஒரு சொல்லில் அடக்குவது வரலாறாகாது. கடன்பட்ட உழவரும் கடன்கொடுத்த மேலாளும் ஒரே சட்டத்தின் இரு முனைகளில் நின்றவர்கள். நில அலுவலகப் பதிவேடுகளையும் தமிழ்ப் பேரேடுகளையும் இணைத்துப் படிக்கும்போதே அச்சட்டங்களின் முழு விளைவை நாம் மதிப்பிட இயலும். கிட்டங்கிகள் மறைந்துவரும் இக்காலத்தில், எஞ்சிய பேரேடுகளைத் திரட்டிக் காப்பது தமிழாய்வுத் துறைகளின் உடனடிக் கடமையாகும்.